சப்பாத்துக்குக் காவல்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைப் பார்க்க வந்திருப்பது மூன்று பேர்: நான், மனைவி வசந்தி, இங்கே படிக்கும் மகள் அபி.

பெரிய தேவாலயத்தின் வாசலில், கோயிலில் கழற்றுவதுபோல, சப்பாத்தைக் கழற்றுகிறேன்.

“இஞ்ச ஒருத்தரும் கழட்டுறேல்லை அப்பா!” அபி சுற்றுமுற்றும் பார்க்கிறாள்.

“சாமி இருக்கிற இடம் பிள்ளை.”

அவர்கள் உள்ளே போகிறார்கள். சப்பாத்தை யாரும் எடுத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். வெறுங்காலோடு படியிலேயே உட்கார்ந்து காவல் இருக்கிறேன்.

ஒரு ஜெர்மன் மூதாட்டி குனிந்து சப்பாத்துக்குள் நாணயம் போடுகிறார். “குளிராக இருக்கிறது, சூடாக ஏதாவது குடியுங்கள்” என்கிறார். நான் பிச்சைக்காரன் இல்லை என்று சொல்லுமளவு ஜெர்மன் எனக்குத் தெரியும். வாயில் வருவதோ நன்றி மட்டும்.

வெளியே வந்த அபி எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

“ஓடிப்போய்த் திருப்பிக் குடுங்கோ அப்பா!”

சப்பாத்தை மாட்டி எழும்புவதற்குள் அவர் கூட்டத்தில் மறைந்துவிடுகிறார். அவருக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது இரண்டு யூரோ.