நிறுவைக்கு முன்னால் காய்கிற படுக்கை

எழுபதுகளின் பிற்பகுதியில், இலங்கையின் பதுளைக்கு மேலே ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். பள்ளிக்கூடத்துக்குச் சற்றுக் கீழே பிள்ளைக்காம்பரா இருந்தது. கொழுந்து பறிக்கும் தாய்மார் காலைப் பெரட்டுக்கு, ஆள்கணக்கெடுப்புக்கு, ஓடும் முன் கைக்குழந்தைகளை அங்கே விட்டுச் செல்வார்கள். இருபது குழந்தைகளுக்கு ஒரே ஓர் ஆயா. என்னைவிட ஒரு வயது இளையவர், அதிகம் பேசாதவர்.

அந்தக் கட்டடத்தின் மீது எனக்கிருந்த அக்கறை முழுக்கப் பொதுநலம் சார்ந்ததென்று சொல்ல முடியாது. அங்கே ஒரு குழந்தைக்குச் சளி பிடித்தால் தாய் அதை மறுநாள் லயத்து வீட்டிலேயே விட்டுவிடுவாள். அதைப் பார்த்துக்கொள்ள மூத்த மகள் வீட்டில் நிற்பாள். என் வகுப்பில் ஓர் இடம் காலியாகும். ஒரு வாரம் காலியான இடம் பெரும்பாலும் காலியாகவே கிடந்துவிடும். ஐந்தாம் வகுப்பின் முன்வரிசையில், பின்னக் கணக்கை எனக்கு முன்பே முடித்துவிடும் மாணவி ஒருத்தி இருந்தாள். அவளுடைய எட்டுமாதத் தம்பியும் அந்தக் காம்பராவில்தான் கிடந்தான். அவளை இழந்துவிடக் கூடாது என்பதே அந்த ஆண்டு முழுவதும் என்னை அரித்த பயம்.

குழந்தைகள் உத்திரத்திலிருந்து தொங்கிய ஏணைகளில், அவரவர் தாயின் பழஞ்சேலையில் தூங்கினார்கள். எனக்கு அதில் வறுமை மட்டுமே தெரிந்தது. பெற்றோர் சங்கத்தைக் கூட்டிப் பேசி, மெத்தை வாங்கச் சம்மதம் பெற்று, ஒரு சனிக்கிழமை பதுளைக் கடைத்தெருவுக்கு இறங்கினேன்.

கடைக்கார நானா இலவம்பஞ்சு மெத்தையைக் கையால் தட்டிக் காட்டினார். காட்டிவிட்டு, “தோட்டத்துக்கா, டீச்சர்? மெத்தை மிச்சம் நல்லது. ஆனா அங்க வெயில் உண்டா?” என்றார்.

“வெயில் எதுக்கு, நானா?”

“மெத்தை நம்மள மாதிரி இல்ல. தண்ணி குடிச்சா லேசுல விடாது.”

வியாபாரி தன் சரக்கையே குறை சொல்லும்போது கேட்டுக்கொள்வதுதான் அறிவு. நான் கேட்கவில்லை. குறுக்காக மூன்று நான்கு பிள்ளைகள் கிடக்கும்படி ஆறு மெத்தை, வெள்ளை விரிப்புகள், சிறு தலையணைகள், கொசுவலைகூட ஒன்று எடுத்துக்கொண்டேன். எங்கள் மலைக் குளிரில் கொசு பறந்து நான் பார்த்ததே இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பனிமூட்டம் காம்பராவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. காலையில் பிள்ளைகள் நனைத்த மெத்தை மறுநாளும், அதற்கு மறுநாளும் ஈரமாகவே கிடந்தது. ஆயா விரிப்பை மாற்றி மாற்றிப் போட்டார். ஈரம் அடியிலிருந்து ஊறி மேலே வந்தது. ஒரு நாள் பகல் நிறுவைக்கு, பறித்ததை எடைபோட, கொழுந்து கொண்டுவந்த அந்த மாணவியின் தாய், பால் கொடுக்க உள்ளே வந்தாள். மகனுக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்த்தாள். அவனைத் தூக்கித் தன் கம்பளிக்குள் சுற்றிக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் முன்வரிசையில் ஓர் இடம் காலி.

இரண்டாம் நாளும் காலியாக இருக்கவே, இடைவேளையில் காம்பராவுக்கு இறங்கிப் போனேன். ஆயா அடுப்பருகே விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“மெத்தை காயலன்னு ஏன் என்கிட்ட சொல்லல? வாங்குறதுக்கு முன்னாடி உங்களத்தானே கேட்டேன்?”

“கேட்டீங்க. எத்தன மெத்த வேணும்னு கேட்டீங்க. ஆறுன்னேன்.” அவர் திரும்பாமலே சொன்னார். “மெத்த வேணுமான்னு கேக்கலையே, டீச்சர்.”

கோபம் வந்தது, அது நியாயமான கோபமல்ல என்பதும் உடனே தெரிந்தது. “சரி, இப்ப கேக்குறேன். என்ன வேணும்?”

“ஒண்ணும் வேணாங்க. அந்தச் சேலைங்கள எடுத்துக் கட்டிக்கிறேன். நீங்க வருத்தப்படக் கூடாது.”

வருத்தப்பட மாட்டேன் என்றேன். அவர் பழஞ்சேலைகளை எடுத்து வைத்திருந்த பெட்டியைத் திறந்தார். அதன் பிறகு நடந்ததை இன்றும் வியப்போடுதான் நினைக்கிறேன். உத்திரத்துக் கயிற்று வளையத்துக்குள் சேலையைச் செலுத்தினார். இரு முனைகளையும் சேர்த்து ஒரு முடிச்சு. முழங்கையால் ஓர் அழுத்து. ஏணைக்குள் பழைய கம்பளித் துண்டொன்று. படுக்கை முடிந்தது. நான் அதுவரை ஒரு விரிப்பின் நான்கு மூலைகளையும் செருகி முடித்திருக்க மாட்டேன்.

“நனைஞ்சா?” என்றேன்.

அவர் சேலையை வளையத்தின் வழியே ஒரு பாகம் இழுத்தார். கீழே இருந்த பகுதி மேலே போயிற்று. மேலே இருந்த துணி கீழே வந்தது. “ஒரு சேலையில மூணு படுக்கைங்க. மூணாவது நனையுறதுக்குள்ள மொதலாவது காஞ்சிரும்.”

“கம்பளி?”

“அது நனைஞ்சாலும் சூடு விடாது. மழையில தலையில போட்டுக்கிட்டுத்தானே கொழுந்து எடுக்குறாங்க.” பிறகு, நான் கேட்காமலே, தம் கணக்கைச் சொன்னார்: “காலை நிறுவைக்கு நனைஞ்சது பகல் நிறுவைக்கு முன்னால காயணும். காஞ்சா அது படுக்கை. காயாட்டி அது சாமான்.”

ஒரு நாளில் தாய் தன் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கும் நேரங்களை வைத்து அவர் படுக்கையை அளந்திருந்தார். நான் கடையில் கனத்தையும் வெண்மையையும் வைத்து அளந்தேன். எங்கள் இருவரில் விளைவை எண்ணிப் பார்த்துத் தேர்ந்தவர் யார் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

அன்று மாலையே லயத்துக்குப் போனேன். மாணவியின் தாய் வாசலில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே தம்பி இருமுவது கேட்டது. தப்பு என்னுடையது, மெத்தைகளை எடுத்துவிட்டோம், ஏணை கட்டியாயிற்று என்றேன்.

“எந்தச் சேல?” என்று மட்டும் கேட்டாள்.

“உங்க பச்சைச் சேலைதான்.”

“அதுன்னா தூங்குவான்,” என்றாள். “இருமல் நிக்கட்டும், டீச்சர். பாப்போம்.”

பார்ப்போம் என்றால் அந்த லயத்தில் பெரும்பாலும் இல்லை என்றுதான் பொருள். நான்கு நாள் காத்திருந்தேன். ஐந்தாம் நாள் காலை, பெரட்டுக்குப் போகும் அவசரத்திலும் காம்பராவில் நின்று, பச்சைச் சேலையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, மகனை அதற்குள் வைத்துவிட்டுப் போனாளாம். ஆயா சொல்லித்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், பாடம் தொடங்கும்போது முன்வரிசையில் ஒரு கை உயர்ந்திருந்ததுதான்.

மெத்தைகளைத் திருப்பிக் கொடுக்க நினைத்தேன். ஆயா விடவில்லை. காய்ந்து முடிந்ததும் அவற்றைச் சுவரோரத்து வாங்குப் பலகையில் இரண்டிரண்டாக அடுக்கினார். “பால் குடுக்குற பொம்பளைங்க உக்காரட்டும். விடியக்காலையிலேர்ந்து நின்ன காலுங்க.”

அடுத்த வாரம் பகல் நிறுவையின்போது எட்டிப் பார்த்தேன். அந்தத் தாய் மடியில் மகனோடு மெத்தையில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“சத்தம் போடாதீங்க, டீச்சர்,” என்றார் ஆயா. “வேலைச் சங்கு ஊத இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு.”