அக்கா போட்ட கையெழுத்து

டெல்லியில் எந்தக் காய்ச்சலுக்கும் ஒரே பெயர்தான்: வைரல். காய்கறி வண்டிக்காரர் முதல் லிஃப்டில் வரும் மேல்வீட்டு ஆன்ட்டி வரை எல்லோரும் “வைரல் சல் ரஹா ஹை”, அதாவது ஊரெல்லாம் வைரல், என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். கர்ப்பமாகி எனக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது அந்த வைரல் வந்தது. நான்கு நாள் காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டி எழுந்து நிற்க முடியவில்லை. டாக்டருக்குப் போன் செய்யும் முன் அக்காவுக்குத்தான் போன் செய்தேன்.

அக்கா நர்ஸ். கல்யாணமாகி திருநெல்வேலியிலிருந்து டெல்லி மயூர் விஹாருக்கு வர நான் சம்மதித்ததே அவள் இந்த ஊரில் இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான்.

“ஏட்டி, வைரல்தான். இந்த ஊர்ல யாருக்குத்தான் வரல? பாராசிட்டமால் போட்டுட்டுப் படு. நான் இருக்கேம்லா” என்றாள். நான் வேறு யாரையும் கேட்கவில்லை.

அவள் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே என் மகன் பிறந்தான். ஆபரேஷன். இரண்டு நாள் நான் மயக்கமும் வலியுமாகக் கிடந்தேன், குழந்தையை அக்காதான் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு அவன் தீபாவளி வெடிக்குக்கூட அசராமல் தூங்கினான். சமர்த்துப் பிள்ளை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். அந்த வாயை இப்போது நினைத்தாலும் எரிகிறது.

இரண்டு வயதாகியும் அவனிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. பழி மொழிகளின் மேல் விழுந்தது. நான் பேசுவது தமிழ், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு இந்தி, கணவருக்கு ஆபீஸ் ஆங்கிலம். பிள்ளை கன்ஃப்யூஸ் ஆகிறான் என்று பூங்காவில் பெண்கள் தீர்ப்பு சொன்னார்கள். அக்காவும் அதையே சொன்னாள்.

“தமிழ நிப்பாட்டு. பள்ளிக்கூடத்துல இந்திதான வேணும்? ஒரே பாஷையில பேசு.”

நிறுத்தினேன். ஆண்பால் பெண்பால் குழம்பும் என் ஓட்டை இந்தியில் கொஞ்சினேன், சோறு ஊட்டினேன், தூங்க வைத்தேன். பிள்ளையிடம் அன்பு காட்டுவதற்குக்கூட வார்த்தை தேட வேண்டியிருந்தது. ஆறு மாதம் அப்படிப் பேசினேன்.

பிளே ஸ்கூல் டீச்சர்தான் முதலில் காதைப் பாருங்கள் என்றார். பார்த்தோம். ஒரு காது சுத்தமாகக் கேட்கவில்லை, மற்றதில் மிகக் கொஞ்சம். கர்ப்பத்தில் காய்ச்சல் வந்ததா என்று டாக்டர் கேட்டார். வைரல் என்றேன். சில வைரஸ்கள் வயிற்றிலிருக்கும் குழந்தையின் காதைத் தாக்கும் என்றார். அதுதான் காரணமா என்று கேட்டேன். இருக்கலாம், பிறந்து மூன்று வாரத்துக்குள் சோதித்திருந்தால் உறுதியாகத் தெரிந்திருக்கும், இப்போது சொல்வது கடினம் என்றார். பிறந்தபோது காது டெஸ்ட் எடுத்தார்களா என்றும் கேட்டார். இல்லை என்றேன்.

எடுத்திருக்கிறார்கள். அந்த மருத்துவமனைக்குப் போய்ப் பழைய பதிவேட்டைப் புரட்டச் சொன்னேன். இரண்டு காதுக்கும் நேராக ‘ரிஃபர்’ என்று இருந்தது. மறுபடியும் சோதிக்க வேண்டும் என்று அர்த்தமாம். பக்கத்தில் உறவினர் கையெழுத்து. அதை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். என் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட்டுப் பெயர் எழுதித் தந்தவள் அக்காதான்.

அங்கிருந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

“காதுல தண்ணி நின்னா அப்படித்தான் காட்டும்னு நெனச்சேன். நீ கெடந்த கெடப்புல எப்படிச் சொல்ல? பெறவு சொல்லலாம்னு…”

“பெறவுன்னா எப்பக்கா? ரெண்டர வருஷம் கழிச்சா?”

“பயந்துட்டேன்ட்டி. காய்ச்சல ஒண்ணுமில்லன்னு சொன்னதும் நாந்தான.”

“அப்ப தெரிஞ்சேதான் என்னைத் தமிழ நிப்பாட்டச் சொன்னியா?”

குழாயை மூடினாள். என் முதுகில் குத்தியது வேறு யாராக இருந்தாலும் அக்காவிடம் வந்து அழுதிருப்பேன். அன்று எனக்குப் போக இடமில்லை. இனி வராதே என்று மட்டும் சொல்லிவிட்டு மெட்ரோ ஏறினேன்.

மகனுக்குக் காது மெஷின் பொருத்தினோம். முதுகுப் பக்கம் நின்று கூப்பிட்டுப் பழக்குங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். இரண்டு வாரம் தொண்டை வறளத் தமிழில் கூப்பிட்டேன். அவன் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டே இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வந்துவிட்டாள். கதவைத் திறந்தவள் வழிவிடாமல் நின்றேன். அவள் என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள். அவன் எங்களுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தான்.

“எய்யா” என்று ஊர்க் கொஞ்சலில் கூப்பிட்டாள்.

காரை விட்டுவிட்டுத் திரும்பினான். என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்குக் கேட்டுவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். இரண்டரை வருடம் வாயைத் திறக்காதவளின் குரலுக்குத்தான் என் பிள்ளை முதலில் திரும்பினான்.