மேல்நோக்கிய அம்புக்குறி

வேதிச் சமன்பாடுகளைச் சமன் செய்வதில் என்னை மிஞ்ச எங்கள் வகுப்பில் ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பெருமையில்தான் குடி கெட்டது. மாட்டுங்காவில் நான் பன்னிரண்டாவது படித்த ஜூனியர் காலேஜில் பாதிப் பேர் எண்ணைக் கொண்டுபோய் வாய்ப்பாட்டின் காலடியில் ஒட்டுவார்கள். தண்ணீரில் ஒரு ஆக்சிஜன் குறைகிறதா, கீழே ஒரு இரண்டைப் போட்டால் தீர்ந்தது. ஆனால் அப்படிப் போட்டால் அது தண்ணீரே இல்லை, வேறு பொருள். எண்ணை முன்னால்தான் போட வேண்டும், பொருளைத் தொடக்கூடாது. எத்தனை தடவை சொல்வது என்று தோழிகளிடம் எரிந்து விழுவேன். எரிச்சல் என்னோடு கூடப் பிறந்தது.

வினைகளை இனம் காண்பதிலும் அப்படித்தான். இரண்டு சேர்ந்து ஒன்றானால் சேர்க்கை. ஒன்று உடைந்து இரண்டானால் சிதைவு. இருந்ததைத் தள்ளிவிட்டு இன்னொன்று வந்து உட்கார்ந்தால் இடப்பெயர்ச்சி. லோக்கல் ரயிலில் மூன்று பேர் பெஞ்சில் நாலாவது சீட்டுக்கு நடக்கும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

தாராவியில் எங்கள் வீடு ஒரே அறை. நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீடுகளுக்குப் போய் பாத்ரூம் கழுவினாள். பெருக்கவும் பாத்திரம் தேய்க்கவும் வேறு ஆட்கள் இருப்பார்கள். டைல்ஸில் கறை ஏறிவிட்டால் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். முதலில் தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவுவாள். அதன்மேல் ஆசிட்டை ஊற்றுவாள். நெடிக்கு வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, குத்தவைத்துத் தேய்ப்பாள். எங்கள் சந்தில் இந்த வேலைக்குப் போன பெண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். தனித்தனியாகப் போட்டால் அரை நாள் ஆகும், சேர்த்துப் போட்டால் ஜல்தியாக முடியும் என்பார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கெமிஸ்ட்ரி பரீட்சை. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, பவுடரு மேல ஆசிட்ட ஊத்துனா மஞ்சளா ஒரு புகை வருதே, அது என்னது?"

"குளோரின்" என்றேன், தலையைத் தூக்காமல்.

"குளோரினா? மழைக்காலத்துல முனிசிபாலிட்டிக்காரன் குடிக்க தண்ணில ஊத்தச் சொல்லி ஒரு மருந்து குடுப்பானே, அதா?"

"அதேதாம்மா. படிக்க விடு."

அவள் கேட்ட வினை அப்போது என் மடியில் இருந்த நோட்டிலேயே இருந்தது. இடப்பக்கம் பிளீச்சிங் பவுடரும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும். வலப்பக்கம் கால்சியம் குளோரைடு, தண்ணீர், குளோரின். அமிலத்துக்கு முன்னால் ஒரு இரண்டு போட்டால் சமன் ஆகிவிடும். குளோரின் பக்கத்தில், வெளியேறும் வாயு என்று காட்ட மேல்நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி. மறுநாள் அந்தக் கேள்வி வந்தது. அம்புக்குறி உட்பட எழுதி முழு மார்க் வாங்கினேன்.

அதன் பிறகு அம்மா மூக்கைக் கட்டிக்கொள்வதை விட்டுவிட்டாள். குடிக்கிற தண்ணீரில் ஊற்றுவது மூக்கில் ஏறினால் என்ன ஆகிவிடும்? "எம்மவ காலேஜுல படிக்கா, அவளே சொல்லிட்டா, பயப்படாதீங்க" என்று கூட வேலை செய்த பெண்களுக்கும் தைரியம் சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் அவர்கள் சொல்லிப் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு இருமல் வந்தபோதும் நான் ஒன்றும் யோசிக்கவில்லை. இந்த ஊரில் யாருக்குத்தான் இருமல் இல்லை?

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது செம்பூரில் ஒரு பிளாட்டில் விழுந்துவிட்டாள். ஜன்னல் இல்லாத பாத்ரூம். தேய்க்கிற சத்தம் நின்றுபோனதைக் கவனித்து அந்த வீட்டம்மா கதவைத் தள்ளித் திறந்திருக்கிறாள். நான் காலேஜிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எதைச் சுவாசித்தாள் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன், இரண்டையும் சேர்த்தால் என்ன வரும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். கெமிஸ்ட்ரி படிக்கிறாயா என்றார். தலையாட்டினேன். அவர் குத்தலாகச் சொன்னாரோ சும்மா சொன்னாரோ தெரியவில்லை: "குளோரின் காற்றைவிடக் கனம். கீழேயேதான் தங்கும். உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்குத்தான் முதலில் அடிக்கும்."

அதுவும் எனக்குத் தெரியும். இயற்பியல் பண்புகள் என்ற தலைப்பில் மூன்றாவது வரி. மனப்பாடமாகவே தெரியும். என் நோட்டில் மேலே போன வாயு, அந்த பாத்ரூமில் தரையோடு தரையாக, குத்தவைத்திருந்த என் அம்மாவின் முகத்துக்கு நேராக நின்றிருக்கிறது. எல்லாம் தெரிந்த நான் ஒரு கழுதை. இதைவிட நல்ல வார்த்தை எனக்கு அகப்படவில்லை.

உயிர் பிழைத்தாள். நுரையீரல் பிழைக்கவில்லை. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். வாசற்படியில் உட்கார்ந்தபடியே பகலைக் கழிப்பாள். ஒரு நாள் அவளாகவே சொன்னாள்.

"நீ சரியாத்தாம்ட்டி சொன்ன. தீவாளி வேலைன்னு நாந்தான் ரெண்டு கை கூட அள்ளிப் போட்டுட்டேன். ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்னு படிப்பியே, அந்த அளவு தப்பிட்டு."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "ஆமாம்மா, கூடிப்போச்சு" என்றேன். அவள் முகம் தெளிந்தது. தன் மகள் படித்த படிப்பில் பிழை இல்லை என்பதில் அவளுக்கு அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதிக்குப் பின்னால் நான் ஒரு வருஷம் ஒளிந்துகொண்டேன்.

அடுத்த தீபாவளி நெருங்கியபோது, கூட வேலை பார்த்த இரண்டு பெண்கள் அவளைப் பார்க்க வந்தார்கள். அம்மா அவர்களிடம் அக்கறையாகச் சொன்னாள்: "பவுடர அளவாப் போடுங்கட்டி. கூடுனாத்தான் ஆபத்து."

உள்ளே இருந்து எழுந்து வந்தேன்.

"அளவெல்லாம் கிடையாதுக்கா. ரெண்டையும் சேக்கவே கூடாது. ஒரு சிட்டிகை கூட. அது விஷம். எனக்கு அப்பவே தெரியும்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அந்தப் பெண்களில் ஒருத்தி, அம்மாவிடம் இல்லை, என்னிடமே கேட்டாள்: "தெரிஞ்சுமா ஒங்கம்மைகிட்ட சொல்லல?"

அம்மாதான் சொன்னாள்.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க. பிள்ளைக்கு மறுநா பரீட்ச. நாந்தான் நடுவுல போயிக் கேட்டேன்."

அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு மூன்று தடவை மூச்சு வாங்கியது.