அரை மார்க் டீச்சர்

அந்தக் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அரை மார்க். விடை சரியாகவே இருக்கட்டும், நடுவில் ஒரு வரியைத் தாண்டியிருந்தால் அரை மார்க்கைக் கிள்ளி எடுத்துவிடுவார். அவரிடம் எண்பது வாங்கியவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடப்பார்கள். அந்தக் கஞ்சத்தனத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அரசுப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வை மட்டும்தான் பார்த்தது. அவரிடம் வதைபட்ட பிள்ளைகள் அதை ஊதித் தள்ளிவிடுவார்கள்.

ஒரு வருஷம் பல்கலைக்கழகம் விதியை மாற்றியது. இனிமேல் பள்ளி மார்க்குக்கு எழுபது பங்கு, நுழைவுத் தேர்வுக்கு முப்பதுதான். ஒரே நாள் பரீட்சையில் பதறிப்போகிற பிள்ளைகளுக்கு இதுதான் நியாயம் என்றார்கள். டீச்சருக்கும் நியாயமாகத்தான் பட்டது. செய்தித்தாளை மடித்து வைத்த பிறகுதான் தன் பிள்ளைகளின் மார்க் நினைவுக்கு வந்தது. பக்கத்துத் தனியார் பள்ளியில் மார்க்கை வாரி இறைப்பது ஊரறிந்த விஷயம்.

தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். "ஆளுக்கு ஒரு பத்து சேர்த்துப் போடுங்க டீச்சர். யாரு கேக்கப் போறா?"

"அங்க போய் முதல் வருஷமே ஃபெயிலானா, யாரு சார் போய் நிப்பா?"

சொல்லிவிட்டாரே தவிர, வெளியே வந்ததும் மார்க் நோட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தார்.

அரையாண்டு மார்க் வந்ததும் பெற்றோர்கள் பள்ளி வாசலில் கூடினார்கள். டீச்சர் சைக்கிள் ஷெட் பக்கமாக நழுவப் பழகிக்கொண்டார். கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவர், "ஒழுங்கா சாப்பிட்டு எத்தனை நாளாச்சு? போட்டுத் தொலையேன்" என்றார்.

வகுப்பில் கெட்டிக்காரி, சுண்டெலி என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பெண். டீச்சர் கணக்கில் அவளுக்கு எழுபத்தெட்டு. ஒருநாள் அவள் இடம் காலியாக இருந்தது. மதியம், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அவள் அம்மா ஃபோன் செய்தார்.

"டீச்சர், என் பொண்ணு ஃபோனை எடுக்க மாட்டேங்கறா. கிளாஸ்லதானே இருக்கா?"

என்ன பதில் சொன்னோம் என்றே டீச்சருக்கு நினைவில்லை. கால்கள் தாமாக மொட்டை மாடிக்கு ஓடின. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, பாதிக் கண்ணை மூடியபடி கீழே பார்த்தார். ஒன்றுமில்லை. நூலகத்திலும் இல்லை. கடைசியில் வகுப்புத் தோழி ஒருத்தி, "காலைல யுனிவர்சிட்டி பஸ்ல ஏறினா மிஸ்" என்றாள்.

அடுத்த பஸ்ஸில் ஏறிய டீச்சருக்கு உட்காரவே முடியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எட்டி எட்டிப் பார்த்தார்.

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, நிழற்குடையில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள் சுண்டெலி.

"இங்க என்னடி பண்றே?"

"சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன் மிஸ். அப்புறம் வர முடியாதுல்ல."

திட்டத்தான் வாயைத் திறந்தார்; "எழுந்திரு, போலாம்" என்றுதான் வந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்தவர், அம்மாவிடம் ஒப்படைக்கும்வரை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லா அரையாண்டு விடைத்தாள்களையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். யாருக்கும் பத்தைத் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு கணக்காக மறுபடி படித்தார். பிள்ளைக்கு விஷயம் தெரிந்திருக்கிறதா? தெரிந்திருந்தால் கிள்ளியதைத் திருப்பிக் கொடுத்தார். தெரியாதவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை. சுண்டெலிக்கு எண்பத்தாறு ஆனது.

"இப்பதான் வழிக்கு வந்தீங்க" என்று தலைமை ஆசிரியர் சிரித்தார். வாசலில் நின்ற கூட்டத்தைவிட அந்தச் சிரிப்பு டீச்சரை அதிகம் பயமுறுத்தியது. நியாயம் என்று செய்தோமா, பயந்து செய்தோமா?

சுண்டெலிக்குக் கடைசிப் பட்டியலில், மயிரிழையில் இடம் கிடைத்தது. தாங்கமாட்டாளோ, நாம்தான் அங்கே தள்ளிவிட்டோமோ என்று முதல் பருவம் முழுக்க டீச்சர் உள்ளுக்குள் செத்துப் பிழைத்தார். பிறகு ஃபோன் வந்தது.

"பாஸ் மிஸ்! கணக்குலதான் கொஞ்சம் கம்மி."

"எவ்வளவு கம்மி?"

"நீங்க போடுவீங்களே, அவ்வளவு."

டீச்சர் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கியது.

அடுத்த வருஷமும் தலைமை ஆசிரியர், "போன வருஷம் மாதிரியே தாராளமா" என்றார். டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். இப்போதெல்லாம் எந்தப் பிள்ளை வராவிட்டாலும், வீட்டுக்கு ஃபோன் போட்டு, அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்ட பிறகுதான் சாக்பீஸைக் கையில் எடுக்கிறார்.