அப்பா மறுபடியும் உட்கார்ந்தார்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. அப்பாவும் நானும் மன்னாரிலிருந்து டென்மார்க்குக்கு முதலில் வந்தோம். அகதி அனுமதி கிடைத்தது.
2. அம்மாவையும் தம்பியையும் அழைக்க அப்பா விண்ணப்பித்தார். சட்டம் அதற்கு இடம் கொடுத்திருந்தது.
3. பதில் வரவில்லை. தம்பிக்குப் பதினெட்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அது கடந்தால் பிள்ளை என்ற முறையில் அவன் வர முடியாது.
4. தொழில்நுட்பப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை எனக்கு ஒரு பேச்சுத் தலைப்புத் தந்தார்: அமெரிக்காவில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவுக் கடைகளில் கறுப்பின மாணவர்கள் போய் உட்கார்ந்தது.

மூன்றுக்கும் நான்குக்கும் தொடர்பு இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பேச்சுக்காக வாசித்தபோது ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த மாணவர்கள் கடைக்குப் போவதற்கு முன் ஒத்திகை பார்த்திருந்தார்கள். நண்பர்களே காடையர்களாக நடித்துத் திட்டினார்கள், தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள். மற்றவர்கள் திருப்பி அடிக்காமல், எழும்பாமல் இருக்கப் பழகினார்கள். மின்சாரம் கொடுப்பதற்கு முன் சுற்றைச் சோதித்துப் பார்ப்பது எங்கள் மின்தொழில் வகுப்பிலும் உண்டு. அதனால் எனக்கு அது உடனே விளங்கியது.

அப்பாவுக்கு அதைச் சொன்னேன்.

"எங்கட சந்தித் தேத்தண்ணிக் கடையிலயும் உதுதான். சில சாதி ஆக்களுக்கு இருக்க வாங்கு இல்லை. சிரட்டையிலதான் குடுப்பினம். நான் வாங்கில இருந்து குடிச்சனான்," என்றார்.

எங்கள் மேல் இங்கே யாரும் கை வைக்கவில்லை. குடிவரவு அலுவலகத்தில் எல்லாரும் மரியாதையாகவே பேசினார்கள். "பரிசீலனையில் இருக்கிறது" என்று சொல்லி, எழும்பிக் கையை நீட்டுவார்கள். பெரிய உத்தியோகத்தர் எழும்பினால் அப்பாவும் எழும்பிவிடுவார். கை கொடுத்து, டேனிஷில் நன்றி சொல்லி, வெளியே வந்துவிடுவார். பிழை எங்கள் பத்திரங்களில்தான் என்பது அவருடைய முடிவு. ஒவ்வொரு முறையும் இன்னொரு பத்திரத்தை மொழிபெயர்த்துக் கொண்டுபோவார். எங்களைப்போல் காத்திருந்த மற்றக் குடும்பங்கள் சேர்ந்து வழக்கறிஞர் மூலம் முறையிடக் கூப்பிட்டபோதும், "பிழையை எங்களில வைச்சுக்கொண்டு முறையிடுறதோ?" என்று மறுத்துவிட்டார்.

ஆகவே, எழும்பாமல் இருந்து காரணம் கேட்க நாங்களும் ஒத்திகை பார்த்தோம். கீழ்வீட்டு மாமாவை உத்தியோகத்தர் ஆக்கினேன். மீன் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவருடைய குடும்பமும் இதே வரிசையில்தான் காத்திருந்தது. எங்கள் குசினியில் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தார்.

"உங்கட விண்ணப்பம் பரிசீலனையில இருக்கு. போயிற்று வாங்கோ."

"டேனிஷ்காரர் போயிற்று வாங்கோ எண்டு சொல்லமாட்டினம், மாமா."

"சரி. போங்கோ!" என்று எழும்பிக் கையை நீட்டினார். அப்பாவும் எழும்பிவிட்டார்.

"அப்பா, இருங்கோ!"

"அவர் நிக்கேக்க நான் குந்திக்கொண்டு இருக்கிறதோ? என்ன பழக்கமடி அது?"

"அண்ணை, நான் மீன் வெட்டுறவன். எனக்கே எழும்பினால் அங்க போய் என்ன செய்யப்போறியள்?"

பல தடவை பார்த்தோம். அப்பாவின் கால்கள் கேட்கவில்லை. கடைசியில் நான் திட்டத்தை மாற்றினேன்.

"எழும்புங்கோ. கை குடுங்கோ. பிறகு திரும்ப இருங்கோ."

அப்பா செய்து பார்த்தார். "இது பரவாயில்லை. மரியாதையும் குடுத்தாச்சு," என்றார்.

அடுத்த முறை அலுவலகத்தில் ஒரு பெண் உத்தியோகத்தர். வழக்கமான வசனத்தைச் சொல்லி எழும்பினார். அப்பாவும் எழும்பினார், கை கொடுத்தார், நன்றி சொன்னார், மறுபடியும் உட்கார்ந்தார். அந்தப் பெண் நின்றபடி என்னைப் பார்த்தார். நானும் உட்கார்ந்துதான் இருந்தேன். வேறு வழியில்லாமல் அவரும் உட்கார்ந்தார்.

பாடமாக்கி வைத்திருந்த டேனிஷில் அப்பா கேட்டார்: "எங்கள் பத்திரங்களில் என்ன குறை?"

அவர் எங்கள் கோப்பை எடுத்துப் புரட்டினார். "குறை ஒன்றும் இல்லை. எல்லாம் இருக்கிறது."

"அப்படியானால் ஏன்?"

"மேலிடத்தில் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது," என்றார். அதைச் சொன்னபோது அவருடைய கழுத்து சிவந்திருந்தது.

திரும்பும் ரயிலில் அப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டே, "பிழை எங்களில இல்லையாம்," என்றார். கொஞ்சம் கழித்து, "கேட்டனியோ? இல்லையாம்," என்று சிரித்தார். அன்று பின்னேரமே கூட்டு முறையீட்டில் கையொப்பம் வைத்தார்.

பிறகு இந்தத் தாமதத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின, பாராளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன, கிடந்த கோப்புகள் நகரத் தொடங்கின. நாங்கள் உட்கார்ந்ததால்தான் அது நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். எங்களைப்போல் பலர் கேட்டார்கள்.

இன்றைய நிலை இது. அம்மாவும் தம்பியும் கொப்பன்ஹேகனுக்கு அருகே அல்பர்ட்ஸ்லுண்டில் எங்களோடு இருக்கிறார்கள். தம்பி பதினெட்டுக்கு முன்பே வந்துசேர்ந்தான். அம்மா மொழிப் பள்ளிக்கு சைக்கிளில் போகிறார், இன்னும் திருப்பங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான். மாமாவின் மனைவியும் மகளும் வந்துவிட்டார்கள். மூத்த மகனுக்கு அனுமதி வருமுன் வயது கடந்துவிட்டது. அவன் மன்னாரில் இருக்கிறான். போன கிழமை மாமா அவனுக்காக அலுவலகத்துக்குப் போனார், அப்பாவும் கூடப் போனார். மறுமொழி இன்னும் வரவில்லை.