பத்துத் தோட்டா ஆர்வில்லா

சுட்டவன் துப்பாக்கியைக் கீழே இறக்குவதற்குள் ஆர்வில்லா க்னுட்சன் குனிந்துவிடுவார். புல்லுக்குள் உருண்ட தோட்டாவின் பித்தளைக் கூடு அப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். அதை இரண்டு விரலால் எடுத்து, கைக்குக் கை மாற்றி ஊதி, வெயிலுக்கு நேரே பிடித்துக் கூட்டின் கழுத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் இடுப்புப் பைக்குள் போய்விடும். "இது உனக்கு வேணுமா?" என்று கேட்கத் தவறுவதில்லை. ஆனால் அவர் கேட்டு முடிக்கையில் கூடு பைக்குள்தான் இருக்கும்.

அறுபதைத் தாண்டியவர். ஆல்டர் ஃபோர்க் பள்ளிக்கூடத்தின் மஞ்சள் பஸ்ஸை ஓட்டுகிறார். மொன்டானாவின் ஜனவரிப் பனியில் மற்ற வண்டிகள் ஓரப் பள்ளத்தில் மூக்கைப் புதைத்துக் கிடக்கும்போது, அவருடைய பஸ் ஊர்ந்தாவது வந்து சேர்ந்துவிடும். விதைக் கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுத்த தொப்பி, ஆண்கள் போடும் தோள்வார் வைத்த கால்சட்டை, போட்டி நாட்களில் மட்டும் செக்கச்செவேலென்று உதட்டுச் சாயம். "குறிக்கு நேரா முகத்தக் காட்டப் போறோம், கொஞ்சம் லட்சணமா இருக்க வேணாமா?" என்பார்.

அவருடைய துப்பாக்கிக்கான தோட்டாவைத் தொழிற்சாலைகள் செய்வதை நிறுத்தி வெகு காலம் ஆகிறது. அதனால் தன் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்கிறவர். துணி துவைக்கும் அறையில், இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே அவருடைய மேசை. துணிகள் சுழன்று பிழியும் நேரத்தில் வெடிமருந்து நிறுக்க மாட்டார். தராசு முள் ஆடும். மருந்தைக் கையில் எடுத்துவிட்டால் பேச்சு கிடையாது. வீட்டுக்காரர் லைல், ரயில்வேயில் வேலை பார்த்துக் காது மந்தமானவர், கதவோரம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "கல்யாணம் ஆன நாள்லருந்து எனக்கு நிம்மதி கெடைக்கிறது இந்த நேரந்தான் டாக்டரே. அவளும் பேசமாட்டா, எனக்கும் கேக்காது."

நான் இந்த ஊர்ப் பல் வைத்தியன். வேட்டைக்காலத்தில் எல்லாரையும் போல நானும் ஒரு மான் அடித்துக் குளிர்பெட்டியில் போட்டுக்கொள்கிறவன். இங்கே பாதி வீடுகளில் குளிர்கால இறைச்சி அப்படி வருவதுதான். ஆகவே, கொரோனாவுக்கு அடுத்த வருஷம் தோட்டாச் சாமான்கள் கடையிலிருந்து மறைந்தபோது, அது வெறும் விளையாட்டுக்காரர்களின் கவலையாக இருக்கவில்லை.

ஒரு தோட்டாவுக்கு நான்கு பொருள் வேண்டும். பித்தளைக் கூடு, ஈயக் குண்டு, மருந்து, கூட்டின் அடியில் பொட்டு மாதிரி பதித்து வைக்கும் பிரைமர். துப்பாக்கியின் ஊசி அந்தப் பொட்டைக் குத்தினால்தான் உள்ளே இருக்கும் மருந்து பற்றும். கூட்டைப் பொறுக்கலாம், ஈயத்தை உருக்கலாம். பிரைமரை மட்டும் வாங்கித்தான் ஆகவேண்டும். அதுதான் முதலில் காணாமல் போனது. லாரி வரும் நாளில் கடை திறக்கும் முன்னாலேயே ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஒரு டப்பா என்று பலகை தொங்கியது. பிறகு பலகை மட்டும் தொங்கியது.

டுவேன் பார்ட்லெட்டிடம் மட்டும் பிரைமர் இருந்தது. டிராக்டர் விற்பவன், நல்ல குறிகாரன், தட்டுப்பாட்டின் வாசனை முதலில் எட்டியதும் அவன் மூக்கைத்தான். மூன்று மாவட்டக் கடைகளில் வாங்கி அடுக்கி, சனிக்கிழமைச் சந்தையில் தன் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, பழைய விலையைப் போல் ஐந்து மடங்குக்கு விற்றான். ஆர்வில்லா ஒரு டப்பாவைக் கையில் எடுத்தார். விலைச்சீட்டைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"என்ன டுவேன், வருஷத்தப் போட்டு வச்சிருக்கியா? வெலை எங்க?"

"அதுதான் வெலை. சந்தை நெலவரம், அம்மணி. பஸ் ஓட்டுற சம்பளத்துல இந்த ஆட்டமெல்லாம் கட்டுப்படியாகாது. கவட்டை வாங்கிக்கோ. கல்லுக்குத் தட்டுப்பாடே இல்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆர்வில்லா டப்பாவை இருந்த இடத்தில் வைத்தார், முகம் மட்டும் உதட்டுச் சாயம் இல்லாமலேயே சிவந்திருந்தது.

அடுத்த வாரம் என் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தார். மரத்துப்போன நாக்கோடு ஏதோ சொன்னார். துப்பச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டேன்.

"அந்தப் பழைய எக்ஸ்ரே பிலிமுக்குள்ள ஈயத்தாள் இருக்குமே, அத என்ன பண்ணுனீங்க டாக்டரே?"

நான் கணினிக்கு மாறிப் பல வருஷம் ஆகிறது. ஆனால் ஈயத்தைக் குப்பையில் போட முடியாது என்பதால் அந்தத் தாள்கள் ஒரு தகர வாளி நிறையக் கிடந்தன. வாளியைக் காட்டினேன். அதை அவர் பார்த்த பார்வையை நான் எந்தப் பல்லைப் பிடுங்கியும் சம்பாதித்ததில்லை. டயர் கடையில் சக்கரத்தில் ஒட்டும் பழைய ஈயக் கட்டிகளை ஏற்கெனவே பேசி முடித்திருந்தார். குண்டுப் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது. பிரைமர் தீரவில்லை.

ஊர்த் துப்பாக்கி சுடும் கிளப்பின் மே மாதக் கூட்டத்தில் தலைவர் ஓர்வல் டீட்ஸ் எழுந்து, செப்டம்பர் போட்டியை இந்த வருஷம் நிறுத்திவிடலாம் என்றார். அறுபது தோட்டா சுட வேண்டிய போட்டி. யாரிடமும் அறுபது இல்லை. டுவேன் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து, "எங்கிட்ட இருக்கு. கோப்பைய என் வீட்டுக்கே அனுப்பிடுங்க" என்றான்.

ஆர்வில்லா கையைத் தூக்கினார். "பத்து வச்சுக்கலாம்."

"பத்தா? குறி சரியான்னு முன்னாடி சுட்டுப் பாக்குற குண்டுகூடக் கெடையாதா?" என்றான் டுவேன்.

"கெடையாது. மொத குண்டுலருந்து கணக்கு. மான் உனக்கு முன்னாடி சுட்டுப் பாக்க எடம் குடுக்குதா என்ன?"

"அந்தப் பத்துக்குச் சாமான் எங்க இருக்கு, ஆர்வில்லா?" என்றார் ஓர்வல் சலிப்பாக.

"இந்த ரூமுக்குள்ளதான் இருக்கு" என்றார் அவர். "நான் பஸ்ஸுல போறப்ப எல்லார் கொட்டகையையும் பாக்குறவ. எல்லாமே இல்லாதவங்க இங்க யாரும் இல்ல. ஒருத்தருக்கு மருந்து இருக்கு, பிரைமர் இல்ல. இன்னொருத்தர்கிட்ட பிரைமர் இருக்கு, அவரு துப்பாக்கிக்கு அது சேராது. ஒரு மேசைய போடுங்க. மாத்திக்கலாம். காசு மட்டும் மேசைக்கு வரக்கூடாது."

லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் மேசை போட்டார்கள். பாதிரியார் தலையைச் சொறிந்து, யாரும் புகைபிடிக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு சாவியைக் கொடுத்தார். முதலில் வந்தவர்கள் தங்கள் சாமானைத் துண்டால் மூடி வைத்துக்கொண்டு, அடுத்தவர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்வில்லா தன்னுடையதைத் திறந்தார்: பளபளவென்று கழுவித் துடைத்த பித்தளைக் கூடுகள், அளவுவாரியாக, முட்டை அட்டைகளில். கூட்டம் நெருங்கியது. "இது என் கூடு மாதிரில்ல இருக்கு?" என்றான் ஒருவன். "ஒன்னோடதுதான். வேணுமான்னு அப்பவே கேட்டேனே" என்றார் ஆர்வில்லா. கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. அதன் பிறகு துண்டுகள் ஒவ்வொன்றாக விலகின. துப்பாக்கியை மாற்றிவிட்ட ஒருவர் தனக்குச் சேராத பிரைமரைத் தந்து மருந்து வாங்கினார். மருந்து தந்தவர் குண்டு வாங்கினார். சுரைக்காய் ரொட்டி சுட்டு எடுத்து வந்த பெண்மணி, கணவனுக்கு வேட்டைக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொண்டு ரொட்டியை அங்கேயே அறுத்துப் பங்கு வைத்தார். பிற்பகலுக்குள் அந்த மேசையைச் சுற்றி நின்ற ஒவ்வொரு வீட்டுக்கும் போட்டிக்கும் ஒரு மானுக்கும் போதுமானது கிடைத்திருந்தது.

அன்று ஓர்வல் ஒரு பெரிய டப்பா மருந்தைக் கொண்டுவந்து ஆர்வில்லாவின் முன் பெருமையாக வைத்தார். நிறமும் மணிகளும் அவருக்குத் தேவையான மருந்தைப் போலவேதான் இருந்தன. டப்பாவில் பெயர்ச்சீட்டு மட்டும் இல்லை.

"என்ன மருந்து இது?"

"ஒன்னோட மருந்துதான்னு நெனக்கிறேன்."

"நெனக்கிறதயெல்லாம் துப்பாக்கிக்குள்ள போட முடியாது ஓர்வல். மூஞ்சிக்குப் பக்கத்துல வெடிக்கிற சாமான் இது."

அவ்வளவு பஞ்சத்திலும் அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், தேவாலயத்து ரோஜாப் பாத்தி முழுவதும் தூவிவிட்டார். பூச்செடிக்கு அது நல்ல உரம். ஓர்வல் வாயைப் பிளந்து நின்றார்.

போட்டிக்கான பத்துத் தோட்டாவும் தயாராகிவிட்டன. பயிற்சிக்கு ஒன்றுகூட இல்லை. டுவேன் கோடை முழுவதும் மைதானத்தில் சுட்டுத் தள்ளினான். அந்தச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். அது கேட்கும்போதெல்லாம் லைல் மட்டும் நிம்மதியாகத் தூங்குவார்.

என் சமையலறை ஜன்னலும் அவர்கள் வீட்டு ஜன்னலும் எதிரெதிர். காலையில் காபி போட எழுந்தால், தினமும் அந்தக் காட்சி: இரவு உடையில், தலையில் விதைக் கம்பெனித் தொப்பியோடு, ஆர்வில்லா கூடத்தின் நடுவில் துப்பாக்கியைத் தோளில் ஏந்தி நிற்பார். குழல் முனையில் ஒரு கால் டாலர் காசு. வெற்றுத் துப்பாக்கி. ஊசி பழுதாகாமல் இருக்க, பழைய கூட்டின் அடியில் பிரைமர் இருக்க வேண்டிய குழியில் அழிரப்பர் துண்டு ஒன்றை அடைத்திருந்தார். பஸ்ஸுக்குள் பிள்ளைகள் போட்டுவிட்டுப் போன ரப்பர்தான். மூச்சை விடுவார், விசையைத் தொடுவார், 'டிக்'. காசு விழவில்லையென்றால் இன்னொரு முறை. விழுந்தாலும் இன்னொரு முறை. அப்புறம் பஸ் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "ஒரு வருஷத்துல இவ்ளோ சுட்டது இல்ல டாக்டரே" என்றார் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. "ஒரு பொட்டு மருந்து செலவில்ல."

செப்டம்பரில் மைதானம் நிறைந்துவிட்டது. பத்தே தோட்டா என்றதும், வருஷக்கணக்காக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். மலைப்பக்கமிருந்து காற்று அடித்தது. நின்றுகொண்டே சுட வேண்டும். நான் தூரக்கண்ணாடியில் குறி பார்த்து எண் சொல்லும் வேலையில் இருந்தேன்.

டுவேன் முன்னால் சுட்டான். முதல் குண்டு வெளி வட்டத்தில் விழுந்தது.

"அது கணக்குல வராதுப்பா, கைய சூடு பண்ணிக்கிட்டேன்" என்று சிரித்தான்.

"வரும் டுவேன்" என்றார் ஓர்வல்.

சிரிப்பு நின்றது. மிச்சம் ஒன்பதையும் அவன் பிரமாதமாகச் சுட்டான். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கோடை முழுவதும் முதல் குண்டை வீசி எறிந்தே பழகிய கை அது. ஆர்வில்லாவுக்கோ எறிவதற்கு ஒரு குண்டும் இருந்ததில்லை. அவர் கைக்கு ஒவ்வொன்றுமே முதல் குண்டு.

சிவந்த உதட்டோடு வந்து நின்றார். துப்பாக்கியை ஏந்துவார், காற்று கிளம்பும், இறக்கிவிடுவார். பின்னால் யாரோ பொறுமையிழந்து செருமினார்கள். அவர் திரும்பவில்லை. சுட்டபோதெல்லாம் கறுப்பு வட்டத்துக்குள் ஒரு துளை விழுந்தது. நான் எண்ணைச் சொல்லச் சொல்ல என் குரல் என்னையறியாமல் உயர்ந்துகொண்டு போனது. ஒன்பதாவது குண்டை மட்டும் காற்று பிடித்து வட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. இப்போது கடைசி குண்டு நட்ட நடுவில் விழுந்தால்தான் ஜெயம்.

கொடி படபடத்துக்கொண்டே இருந்தது. ஆர்வில்லா துப்பாக்கியை இறக்கி, தொப்பியைச் சரிசெய்து, மறுபடியும் ஏந்தினார். மறுபடியும் இறக்கினார். "மழை வந்துரும் அம்மணி" என்றான் டுவேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. கொடி ஒரு கணம் துவண்டு கம்பத்தில் ஒட்டியது. அந்தக் கணத்தில் சுட்டார்.

கண்ணாடியில் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். "பத்து!" என்று கத்தினேன். "நடு!"

அப்புறம் நான் எதையும் சொல்லத் தேவைப்படவில்லை. தொப்பிகள் பறந்தன. ரொட்டி சுட்ட பெண்மணி ஆர்வில்லாவைக் கட்டிப்பிடித்துக் உதட்டுச் சாயத்தைத் தன் தோளில் ஒட்டிக்கொண்டார். லைல் பக்கத்தில் இருந்தவனை, "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று உலுக்கி, விஷயம் புரிந்ததும் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் டுவேன் வந்து கையை நீட்டினான்.

"அடுத்த தடவ மேசை போடுறப்ப நானும் வரலாமா?"

"தாராளமா வா" என்றார் ஆர்வில்லா, அவன் கையை நன்றாக அழுத்திக் குலுக்கி. "வெலச்சீட்ட மட்டும் வீட்லயே வச்சிட்டு வா."

முதலில் சிரித்தவன் டுவேன்தான்.

மைதானத்துக்கு அப்பால், பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் ஒரு பழைய இரும்புத் தட்டு தொங்குகிறது. அதைச் சுட்டால் மதிப்பெண் கிடையாது, மணி மாதிரி ஒலிக்கும், அவ்வளவுதான். நல்ல காலத்தில் வீட்டுக்குப் போகும் முன் ஆளுக்கொரு குண்டு அதன்மேல் விடுவார்கள். அந்த வருஷம் முழுவதும் அதை யாரும் தொட்டதில்லை. கோப்பையை லைலின் கையில் திணித்துவிட்டு, ஆர்வில்லா சட்டைப் பையிலிருந்து பதினொன்றாவது தோட்டா ஒன்றை எடுத்தார். வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததில் ஒன்று.

"அத எதுக்கு வீணாக்குற?" என்று அலறினார் ஓர்வல்.

"சும்மா" என்றார். ஏந்தினார். சுட்டார். பிறகு காதடைப்பான் ஒன்றைக் கழற்றி, தலையைச் சாய்த்து, கையைக் காதுக்குக் குவித்துக்கொண்டு, பள்ளத்தாக்கைத் தாண்டி அந்தத் தட்டின் சத்தம் வந்து சேரட்டும் என்று காத்திருந்தார்.