நின்ற வண்டியின் கேமரா

நாமக்கல்லில் ஒரு டேங்கர் லாரி கம்பெனியின் மாடியறையில் எனக்கு வேலை. முன்பு அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். வண்டி எங்கே நிற்கிறது, எப்போது போய்ச் சேரும் என்று டிரைவர்களுக்கு ஓயாமல் போன் போடுவோம். ஒவ்வொரு வண்டியிலும் டிரைவரின் முகத்தைப் பார்க்கும் கேமரா வந்தபிறகு மற்ற இருவரும் தேவைப்படவில்லை. ஓட்டும்போது கண் சொருகினாலோ, போனை எடுத்தாலோ அதுவே கண்டுபிடித்து மணி அடிக்கும். மணி கேட்டதும் டிரைவரைக் கூப்பிட ஓர் ஆள் போதும்.

அந்த அறையில் பேச்சு நின்றுபோனது. சேலம் சூரமங்கலத்தில் இருக்கும் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் செய்வார். மற்ற நாட்களில், வாடகை அறையில் டிவி சத்தம்தான். அலுவலகத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தால் எதிரே பெரிய திரை, அதில் கட்டம் கட்டமாக முகங்கள்.

அவர்களில் ஒருவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். கிளீனர் இல்லாமல் தனியாகவே மங்களூர் போய் வருபவர். மத்தியானம் வண்டியை ஓரங்கட்டி, மடியில் துண்டை விரித்துக் கேபினிலேயே சாப்பிடுவார். பாதியில் நிறுத்தி, சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சாப்பிட உட்காரும்வரை நானும் காத்திருக்கத் தொடங்கினேன்.

ஒரு நாள் அவர் சாப்பிடவில்லை. ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கிடந்தார். மறுநாளும் அப்படியே. போன் போட்டேன்.

"என்னங்கண்ணா, ரெண்டு நாளா சாப்பாடே எடுக்கலையே. உடம்பு முடியலையா?"

திரையில் அவர் தலை நிமிர்ந்தது. முதல்முறையாக நேராகக் கேமராவைப் பார்த்தார்.

"வண்டி நின்னாலும் இது ஓடுமுங்களா?"

"ஓடுங்கண்ணா."

"தெனமும் பாப்பீங்களாக்கும்?"

நான் டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

"வயிறு சரியில்லீங்க, வேறொண்ணுமில்ல. கேட்டதுக்குச் சந்தோசமுங்க. ஆனா சாமி, இதுக்குள்ளதான் துணி மாத்தறேன், ஊட்டுக்காரிகிட்டச் சண்டை போடறேன், தூங்கறேன். ஓட்டறப்பப் பாருங்க, வேண்டாங்கல. நின்னதுக்கப்புறம் இது எனக்கு ஊடுங்க."

மறுநாள் மத்தியானம் கேமராமேல் துண்டு விழுந்தது. கட்டத்தில் சிவப்பு எழுத்து மின்னியது. கேமராவை மறைத்தால் முதலாளியிடம் சொல்லியாக வேண்டும். அவர் டிரைவரைக் கூப்பிட்டு விசாரிப்பார். நான் கீழே இறங்கி முதலாளியிடம் போனேன்.

"சார், வண்டி நிக்கறப்ப கேமரா எதுக்குங்க? அவங்க துணி மாத்தறதுகூடத் தெரியுது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத்தன நாளாச் சொல்லவே இல்லயே?"

"இப்பத்தாங்க தோணுச்சு."

"தூங்கி எங்கயாச்சும் மோதிரக் கூடாதுன்னுதான் மாட்டுனோம். நின்ன வண்டியில என்னத்தப் பாக்கறது? கேமராக்காரங்ககிட்டச் சொல்லி நிறுத்திரு."

அந்த வாரமே மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது வண்டியை அணைத்ததும் கட்டம் கறுத்துவிடுகிறது. மத்தியானத்தில் ஒவ்வொன்றாகக் கறுத்து, திரையில் என் முகம் மட்டும் லேசாகத் தெரியும். நானே கேட்டு வாங்கியதுதான். மறுபடி கேட்க வேண்டியிருந்தாலும் அதையேதான் கேட்பேன். ஆனாலும் அந்நேரத்தில் சோறு இறங்க மறுக்கிறது.

சில நாள் கழித்துத் திருச்செங்கோட்டுக்காரர் போன் செய்தார்.

"இப்ப நிம்மதியாச் சாப்பிடறனுங்க."

"நல்லதுங்கண்ணா."

 பின்னால் லாரிகள் போகும் சத்தம் கேட்டது. "சரிங்க, வெச்சர்றேன்," என்றார்.